களன் இருக்கச் 'செட்டிங்' எதற்கு?

தமிழ்நாட்டு நகர் ஒன்றின் ஆங்கிலவழிப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரே நாளில் இரண்டு பாடவேளைகள் அடுத்தடுத்து வருகின்றன. முதலாவது ஆங்கிலம். அங்கே ஒரு கதை கற்பிக்கப்பெறுகின்றது. கதை நிகழும் இடமும் பொழுதும் 'செட்டிங்'. கதையில் வருவோர் 'கேரக்டர்'. நிகழ்ச்சிகளின் பின்னல் 'பிளாட்'. கதை உணர்த்தவருவது 'தீம்'. கதையைச் சொல்லுகின்றவர் 'நரேட்டர்'. பிள்ளை ஐந்து கட்டங்கள் வரைந்து, தானே எண்ணிப் பார்த்து அவற்றை நிரப்புகின்றது. மணி அடிக்கின்றது. அடுத்தது தமிழ். இங்கே ஒரு புறநானூற்றுப் பாட்டு. ஆசிரியர் பாட்டை ஒருமுறை படிக்கின்றார். கரும்பலகையின் இடப்பக்கம் ஏழு சொற்கள், வலப்பக்கம் ஏழு சொற்கள் எழுதுகின்றார். இதற்குச் 'சொற்பொருள்' என்று பெயர். பின்னர்ப் 'பாடலின் பொருள்' என்று ஒரு பத்தி. பிள்ளை இரண்டையும் பார்த்தெழுதுகின்றது. பாடம் முடிந்தது!

இவ்விரு பாடவேளைகளுக்கும் இடையில் எவரும் கற்பிக்காத மூன்றாம் பாடம் ஒன்றையும் அப்பிள்ளை கற்றுக்கொள்கின்றது. ஆங்கிலத்தில் எழுதப்பெற்றதற்கு உறுப்புகள் உண்டு. அதனைப் பிரித்துப் பார்க்கலாம், வினவலாம், மறுத்தும் பேசலாம். தமிழில் எழுதப்பெற்றதற்கோ அவ்வாறு ஏதுமில்லை; அரிய சொல்லுக்கு எளிய சொல் தெரிந்தால் வேலை தீர்ந்தது. ஒன்று சிந்திக்கும் மொழி; மற்றொன்று நெட்டுருப் போடும் மொழி. இப்பாடத்தைத் தமிழ்ப்பகைவர் எவரும் வந்து நடத்தவில்லை. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒருவரையொருவர் அறியாமலே சேர்ந்து நடத்துகின்றனர். பத்தாண்டுகள் அதனைக் கற்ற பிள்ளை, வளர்ந்தபின் தன் மொழியைப் பாட்டி வீட்டுப் பழம்பெட்டியைப் போலப் பார்க்குமானால் அப்பிள்ளையை எவர் குறைசொல்ல முடியும்?

தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் 2006-ஆம் ஆண்டில் நிறைவேறியது. முதல் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை தமிழைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியது அச்சட்டம். நன்று. தமிழ்நாட்டிலேயே தமிழ் கற்பதற்குச் சட்டம் வேண்டியிருந்தது என்னும் இழிவு ஒருபுறம் இருக்கட்டும். தமிழ் ஒரு பாடமாக வகுப்பறைக்குள் வந்துவிட்டது. வந்த தமிழ் அங்கே என்ன செய்கின்றது என்பதே வினா. ஒரு மொழியை வகுப்பறைக்குள் கூட்டிவந்து, ஒரு மூலையில் உட்காரவைத்து, 'களிறு என்றால் ஆண்யானை' என்று மட்டும் சொல்லச் சொல்வதும் ஒருவகைப் புறக்கணிப்பே.

இலக்கியத்துக்கு உறுப்புகள் உண்டென்பதைத் தமிழர் ஆங்கிலேயனிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டனரா? தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் செய்யுளியலின் முதல் நூற்பாவைத் திறந்து பார்க்க. அங்கே செய்யுளுக்கு 34 உறுப்புகள் எண்ணப்பெற்றுள்ளன. மாத்திரை, எழுத்து, அசை, சீர், அடி என்று ஓசையின்பாற்பட்டவை தொடக்கத்தில் வருகின்றன. பள்ளிகள் அவற்றோடு நின்றுவிட்டன. 'அலகிட்டு வாய்பாடு காண்க' என்பதற்கு மதிப்பெண் உண்டன்றோ! ஆனால் அதே வரிசையில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்பனவும் நிற்கின்றன. பேசுபவர் யார் என்பது கூற்று. யாரிடம் பேசுகின்றார் என்பது கேட்போர். எங்கே, எப்பொழுது என்பன களனும் காலமும். பேச்சால் விளைவது பயன். இன்ன இடத்தில் இன்னார் இன்னார்க்கு இவ்வாறுதான் பேசுவர் என்று குறிப்பால் உணரவைப்பது முன்னம். சொல்லாமல் விட்டது எச்சம். ஆங்கிலப் பாடவேளையில் வரைந்த கட்டங்கள் ஐந்து. இங்கே இருப்பவை அவற்றினும் மிகுதி, அவற்றினும் நுட்பம்.

ஓர் எடுத்துக்காட்டு பார்க்கலாம். புறநானூற்றின் 312-ஆம் பாட்டு பொன்முடியார் பாடியது. பெற்று வளர்ப்பது தாயின் கடன் என்று தொடங்கி, தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் காளைக்கும் உரிய கடன்களை வரிசைப்படுத்துவது. பள்ளிகளில் பெரிதும் பயிலப்பெறும் பாட்டு. இதனை ஒட்டி எழும் தேர்வு வினாக்கள் எவை? 'பாடியவர் யார்?' 'கொல்லனின் கடன் யாது?' 'களிறு என்பதன் பொருள் யாது?' இம்மூன்றுக்கும் விடையெழுதி முழு மதிப்பெண் பெற்ற பிள்ளையிடம், 'இப்பாட்டில் பேசுபவர் யார்?' என்று கேட்டால், 'பொன்முடியார்' என்றே விடை வரும். பாடியவர் வேறு, பேசுபவர் வேறு என்பதை எவரும் அதற்குச் சொல்லவில்லை! பாட்டின் அடியிலேயே துறை 'மூதின்முல்லை' என்று எழுதப்பெற்றிருக்கின்றது. மறக்குடியிற் பிறந்த ஒரு தாய் பேசுகின்றாள். பொன்முடியார் அவளுக்குத் தம் நாவைக் கொடுத்திருக்கின்றார். ஆங்கில ஆசிரியர் அரைமணி நேரம் செலவிட்டு விளக்கும் 'நரேட்டர்' வேறுபாடு இங்கே ஒரு துறைப்பெயருக்குள் அடங்கிக் கிடக்கின்றது. அத்துறைப்பெயரோ தேர்வுக்கு வராதென்று கோடிட்டு நீக்கப்பெறுகின்றது.

மேலும் போகலாம். காளைக்கு அத்தாய் வைக்கும் கடன் யாது? களிற்றை வெட்டிவிட்டு மீளுதல். போரில் மாள்வதை அவள் கடனாகச் சொல்லவில்லை, மீளுதலைச் சொல்லுகின்றாள். மீளாவிட்டால்? அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதுதான் எச்சம். கேட்போர் யாரென்றும் பாட்டில் வெளிப்படையாக இல்லை. மகனே எதிரில் நிற்கின்றானா, அயலாளா, ஊராரா? பத்து அகவைப் பிள்ளைகள் நாற்பது பேரிடம் இவ்வினாவை எறிந்துவிட்டு ஆசிரியர் சற்றே ஒதுங்கி நிற்கட்டும். வகுப்பு கூச்சலாகும், ஆகட்டும். தமிழ்ப் பாடவேளையில் பிள்ளைகள் கூச்சலிட்டு எத்தனை ஆண்டுகளாயின?

'தொல்காப்பியம் பிள்ளைகளுக்குக் கடினம்' என்பது ஒரு மறுப்பு. நூற்பாவை நெட்டுருச் செய்யச் சொன்னால் கடினந்தான். நூற்பா வேண்டா, வினாக்கள் போதும். யார் பேசுகின்றார், யாரிடம், எங்கே, எப்பொழுது, எதைச் சொல்லாமல் விட்டார்? இவற்றுள் எந்த வினா பத்து அகவைப் பிள்ளைக்குக் கடினம்? வீட்டில் தாயும் தந்தையும் மெல்லப் பேசிக்கொள்வதைக் கதவருகில் நின்று கேட்கும் பிள்ளை இவ்வைந்து வினாக்களையும் எவரும் கற்பியாமலே எழுப்பிக்கொள்கின்றது.

இங்கே தனித்தமிழ் அன்பர்க்கும் ஒன்று சொல்லியாகவேண்டும். ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஏதேனும் ஒரு தமிழ்ச்சொல்லை ஒட்டிவிட்டால் தமிழ் வந்துவிட்டதென்று மகிழ்வோர் உளர். 'தீம்' என்பதற்குக் 'கருப்பொருள்' என்று ஒட்டியிருக்கின்றனர். இன்று விழா அழைப்பிதழ்களிலும், கருத்தரங்க அறிவிப்புகளிலும், பள்ளிக் கட்டுரைப் போட்டிகளிலும் இச்சொல்லே வழங்குகின்றது. கருப்பொருள் என்பது யாது? முதல், கரு, உரி என்று திணைக்குப் பொருள் மூன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் ஒழுக்கங்கள் உரிப்பொருள். குறிஞ்சிக்குத் தினையும் வேங்கையும் மயிலும் கருப்பொருள். ஒரு பாட்டு உணர்த்தவரும் உட்பொருள் கருப்பொருளாகாது. ஏழாம் வகுப்பில் 'இக்கதையின் கருப்பொருள் நேர்மை' என்று எழுதிய பிள்ளை, பதினோராம் வகுப்பில் 'குறிஞ்சியின் கருப்பொருள் மயில்' என்று கேட்டால் மருளாதா? 'செட்டிங்' என்னும் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்வதென்று தேடுவோரின் கண்முன்னரே முதற்பொருள் என்னும் சொல் நிற்கின்றது. களன், காலம் என்னும் சொற்கள் நிற்கின்றன. 'தீம்' என்பதற்குப் பாடுபொருள், உட்பொருள் என்று எளிதாகச் சொல்லலாம். இருக்கும் சொல்லை அதற்குரிய பொருளினின்று பெயர்த்து ஆங்கிலத்துக்கு ஏவலாளாக்குவது, ஆங்கிலச் சொல்லை அப்படியே வழங்குவதினும் கேடானது. கடன்வாங்கிய சொல்லை ஒருநாள் திருப்பிக் கொடுத்துவிடலாம். பொருள் கெட்ட சொல்லை என்ன செய்வது?

இனி, நாடகம். இயல், இசை, நாடகம் என்று மொழியையே மூன்றாகப் பகுத்து, அவற்றுள் ஒன்றாக நாடகத்தை வைத்த இனத்தின் பிள்ளைகள் இன்று பள்ளி ஆண்டுவிழாவில் என்ன பேசுகின்றனர்? 'அடுத்த சீன் எனக்கு', 'டயலாக் மறந்துபோச்சு', 'மேக்கப் போட்டாச்சா', 'ரிகர்சல் எப்போ', 'கர்ட்டனை இழு'. ஆங்கிலம் வருமுன்னரே 'கதாபாத்திரம்', 'வசனம்', 'இரசம்' என்று வடசொற்கள் வந்து உட்கார்ந்திருந்தன. இப்பொழுது அவையே பழந்தமிழ் போலத் தோன்றுமளவுக்கு நிலைமை வந்துவிட்டது! காட்சி, உரையாடல், ஒப்பனை, ஒத்திகை, எழினி, கதைமாந்தர், சுவை என்பவற்றுள் எந்தச் சொல் பிள்ளையின் நாவுக்குக் கனமானது? காண் என்பதிலிருந்து காட்சி. வேறொருவரை ஒக்கச் செய்வது ஒப்பனை. ஒத்துப் பார்ப்பது ஒத்திகை. சொல்லைக் கேட்ட அளவிலேயே பொருள் பாதி விளங்குகின்றது. 'ரிகர்சல்' என்று கேட்கும் தமிழ்ப்பிள்ளைக்கு அதில் என்ன விளங்கும்? வெறும் ஓசை.

இதனினும் கொடுமை ஒன்றுண்டு. ஆண்டுவிழாவில் 'தமிழ் நாடகம்' ஒன்று வைப்பது சில பள்ளிகளில் வழக்கம். தமிழ் படிக்க வாராத பிள்ளைக்கு அதன் பேச்சு ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுக்கப்பெறுகின்றது. கட்டபொம்மன் வேடமிட்ட பிள்ளை, ஆங்கில எழுத்திலிருந்து தன் தாய்மொழியைக் கூட்டிக்கூட்டிப் படித்து நெட்டுருச் செய்து, வெள்ளையனை எதிர்த்து முழங்குகின்றது! அவையில் பெற்றோர் கைதட்டுகின்றனர். ழகரம் ளகரமாகி வீழ்கின்றது. எவர்க்கும் செவி உறுத்தவில்லை.

அரங்கு என்றால் என்னவென்று இளங்கோவடிகள் அளந்து வைத்திருக்கின்றார். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய அரங்கின் அளவு கிடைக்கின்றது. மூங்கிலில் 24 விரல் அளவாக நறுக்கியது ஒரு கோல். அக்கோலால் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். மேலே வைத்த பலகைக்கும் அரங்கின் தளத்துக்கும் இடைவெளி 4 கோல். புகவும் வெளியேறவும் வாயில் இரண்டு. எழினி மூன்று: ஒரு பக்கமிருந்து இழுப்பது ஒருமுக எழினி, இருபுறமிருந்தும் வந்து நடுவே பொருந்துவது பொருமுக எழினி, மேலே மறைந்திருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. தூணின் நிழல் ஆடுவோர்மேல் விழாமல் அப்பாற்படுமாறு விளக்கு நிறுத்தும் முறையும் அங்கே சொல்லப்பெற்றுள்ளது. ஒளியமைப்பு மேலைநாட்டார் தந்த கலையென்று எண்ணிக்கொண்டிருப்போர் இவ்வொரு செய்தியையேனும் அறிந்து வைத்துக்கொள்ளட்டும்.

இவற்றை வரிசையாக எழுதிப் 'பொருத்துக' என்று தேர்வில் வைத்தால் மீண்டும் பழைய குழியிலேயே விழுந்ததாகும். பிள்ளைகளின் கையில் ஒரு மூங்கிற்கழியைக் கொடுத்து, தம் விரலாலேயே 24 அளந்து ஒரு கோல் நறுக்கச் சொல்லவேண்டும். பள்ளி முற்றத்தில் ஏழும் எட்டும் அளந்து சுண்ணாம்பால் கோடிடச் சொல்லவேண்டும். மூன்று பழம்புடவைகள் மூன்று எழினிகள் ஆகும். அந்தக் கோட்டுக்குள் நின்று பேசிய பிள்ளைக்கு அரங்கு, எழினி, வாயில் என்னும் சொற்களின் பொருளை எந்த ஏட்டிலும் எழுதிக்காட்ட வேண்டியதில்லை.

நடிப்புக்கும் அவ்வாறே. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன் நான்கு, ஆக 32. நகை என்றால் சிரிப்பு என்று சொற்பொருள் எழுதிவிட்டால் தீர்ந்ததா? எள்ளலால் வரும் நகை வேறு, இளமையால் வரும் நகை வேறு, பேதைமையால் வருவது வேறு, மடத்தால் வருவது வேறு. நான்கு பிள்ளைகளை எழுப்பி நான்கு நகையும் நகைத்துக் காட்டச் சொல்லலாம். அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள், தம்மை ஒருவர் எள்ளி நகைத்த நாளையும், குழந்தையின் மழலைக்குத் தாம் நகைத்த நாளையும் நினைத்துக்கொள்வர். இளிவரல் என்னும் சொல் இன்று வழக்கிலேயே இல்லை. மூப்பும் பிணியும் வருத்தமும் மென்மையும் அதன் நிலைக்களன்கள் என்று சொல்லி, ஒரு கிழவர் படியேறுவதை நடித்துக் காட்டச் சொன்னால் அச்சொல் மீண்டும் உயிர்பெறும்.

பழைய நாடக நூல்கள் பல அழிந்தன என்பது உண்மை. மதிவாணர் நாடகத்தமிழ் நூல், செயிற்றியம், குணநூல் முதலியவற்றின் பெயர்களை அடியார்க்குநல்லார் சிலப்பதிகார உரை வழியாகவே தமிழர் அறிகின்றனர். ஆனால் பின்வந்தோர் வாளாவிருக்கவில்லை. சூரியநாராயண சாத்திரி என்னும் பெயரைப் பரிதிமாற் கலைஞர் எனத் தமிழாக்கிக்கொண்ட பெருமகன், 1897-ஆம் ஆண்டிலேயே 'நாடகவியல்' என்று நாடகத்துக்கு இலக்கண நூல் செய்தார். 33-ஆம் அகவையில் 1903-இல் மறைந்தார். ஈழத்து விபுலானந்த அடிகள் சேக்சுபியரின் நாடகங்களையும் சிலப்பதிகார உரை தரும் நாடகச் செய்திகளையும் ஒருங்குவைத்து 1926-இல் 'மதங்க சூளாமணி' எழுதினார். (நூற்பெயர் வடமொழியாயிற்றே என்று வருந்துவோர் உள்ளே உள்ள தமிழைப் பார்த்து ஆறுதல் கொள்க.) கற்றோர் ஏட்டில் மட்டுமன்று, கல்லாதார் எனப்பட்டோர் நாவிலும் நாடகச் சொற்கள் அழியாமல் இருந்தன. வடதமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்து கூத்தைத் தொடங்குகின்றான், வேடத்தாரை வினவுகின்றான், அவைக்குக் கதையை விளக்குகின்றான், நகைக்கவும் வைக்கின்றான். மட்டக்களப்புக் கூத்தில் ஆடுமிடம் களரி, கற்பிப்பவர் அண்ணாவியார். எந்தப் பல்கலைக்கழகமும் அவர்களுக்கு இச்சொற்களை ஆக்கித் தரவில்லை. பள்ளிகளோ இருபது கல் தொலைவிலுள்ள கூத்தரை ஒருநாளும் அழைத்ததில்லை.

இறுதியாக, அந்தக் கரும்பலகைச் சொற்பொருளுக்கு வரலாம். 'அலர் – மலர்', 'போது – மலர்', 'வீ – மலர்' என்று மூன்று வெவ்வேறு பாடங்களில் பிள்ளை எழுதுகின்றது. மூன்றும் ஒன்றென்றால் முன்னோர் மூன்று சொற்களை எதற்குப் படைத்தனர்? விரியும் பருவத்தது போது, நன்கு விரிந்தது அலர், விழுந்தது வீ. பாட்டில் வீ என்று புலவர் வைத்தால் அங்கே ஏதோ முடிந்துவிட்டது என்று பொருள். அதனைப் 'பூ' என்று எழுதிக்கொடுத்த கணமே பாட்டின் உயிர் போயிற்று. சான்றோன் என்பதற்கு அறிஞன் என்று ஒரே பொருளை எழுதிக்கொடுக்கின்றனர். சங்க நூல்களில் அச்சொல் போர்மறவரையும் குறிக்கும். முன்காட்டிய பொன்முடியார் பாட்டில் தந்தையின் கடன் மகனைச் சான்றோன் ஆக்குதல். அவ்விடத்து எந்தப் பொருள் பொருந்தும் என்று பிள்ளைகளை ஆராயவிடாத சொற்பொருள் என்ன சொற்பொருள்?

இலையிலும் பூவிலும் தமிழுக்குள்ள இச்சொல்வளத்தைப் பாவாணர் வாழ்நாளெல்லாம் எடுத்துக்காட்டினார். நெல்லுக்குத் தாள், கரும்புக்குத் தோகை, தென்னைக்கு ஓலை என்று அவர் வேறுபாடு காட்டிய கட்டுரை தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடநூலிலேயே இடம்பெற்றுள்ளது. மகிழத்தக்கதே. ஆனால் அக்கட்டுரையைப் படிக்கும் பிள்ளை வகுப்பறைக்கு வெளியே சென்று ஒரு தோகையைத் தொட்டுப் பார்க்கின்றதா, அல்லது அதனையும் ஒரு மதிப்பெண் வினாவாக நெட்டுருச் செய்கின்றதா? அவர் தலைமையில் 1974-இல் தொடங்கப்பெற்ற செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் முதற்பகுதி வெளிவந்தது 1985-இல். அவர் 1981-இலேயே மறைந்துவிட்டார். பணி 2011-இல் நிறைவுற்றது, 31 பகுதிகள். ஒரு சொல் எந்த வேரிலிருந்து கிளைத்தது என்று பிள்ளை கேட்டால் விரித்துக் காட்ட ஆசிரியருக்கு அஃது உதவும். அதன் ஒரு பகுதியேனும் எத்தனைப் பள்ளி நூலகங்களில் இருக்கின்றது? இருக்கும் நூலகங்களில் எத்தனை முறை அது நிலைப்பேழையினின்று வெளியே எடுக்கப்பெற்றது?

'இவையெல்லாம் கற்றால் வேலை கிடைக்குமா, ஆங்கிலம் வேண்டாவா' என்று கேட்போர் கேட்டுக்கொண்டே இருப்பர். ஆங்கிலத்தை எவரும் தடுக்கவில்லை. தன் மொழிப் பாட்டில் கூற்றையும் கேட்போரையும் பிரித்தறியப் பழகிய பிள்ளை, சேக்சுபியரிடம் போனாலும் அதே வினாக்களோடு போகும். அங்கே புதிதாகக் கற்கவேண்டியது பெயர்களை மட்டுமே. தன் மொழியில் வினவப் பழகாத பிள்ளை அங்கேயும் கட்டங்களை நிரப்பிக்கொண்டுதான் இருக்கும்.

எந்த ஆணையும் வரும்வரை தமிழாசிரியர் காத்திருக்க வேண்டியதில்லை. பாடநூலில் பொன்முடியார் பாட்டு வரும் நாளன்று சொற்பொருள் எழுதுமுன், 'பேசுவது யார்?' என்று ஒரு வினா எழுப்பத் தடையில்லை. அடுத்த ஆண்டுவிழாவுக்கு ஒத்திகை தொடங்குமுன் ஒரு மாலைப்பொழுதில் முற்றத்தை அளக்கத் தடையில்லை. மூங்கிற்கழி ஒன்று வேண்டும்; பிள்ளைகளின் விரல்கள் அங்கேயே இருக்கின்றன.